போர்வெல் தண்ணீரில் எந்த ரேசர் தாங்கும்?

இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடைச் செருகும் சேஃப்டி ரேசர் வாங்கலாம் என்று முடிவு செய்த நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மெர்க்கூரா, எட்வின் ஜாகரா, பார்க்கரா?" ஆள் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் என்றால் நான் முதலில் விசாரிப்பது வீட்டுத் தண்ணீரைத்தான். மெட்ரோ வாட்டரா, லாரியா, போர்வெல்லா?

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ரேசர் அலசல்களில் இந்தக் கேள்வி அநேகமாக வராது. முரட்டு ரேசர், சாது ரேசர் என்று தரம் பிரித்து, கைப்பிடி அழகைப் புகழ்ந்து முடித்துவிடுவார்கள். இங்கே கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் அளவுள்ளது. அது வந்த பிறகும் குளிக்க, துவைக்க, முகம் கழுவ மோட்டார் போட்டு ஏற்றுவது பல வீடுகளில் போர் தண்ணீர்தான். ரேசரைக் கழுவுவதும் அதே தண்ணீரில்தானே?

அந்தத் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். எவ்வளவு பிரஷ் போட்டுச் சுற்றினாலும் நுரை நிற்காது. இதற்கு வழி சுலபம், நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டாவது, உப்பு உலோகத்தை அரிக்கும். இதற்குத்தான் ரேசரைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

பெயர்பெற்ற ரேசர்களில் பெரும்பாலானவற்றின் தலை ஜமாக். துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்து அச்சில் வார்த்த உலோகம் அது, மேலே குரோம் பூசியிருப்பார்கள். பூச்சு முழுசாக இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பிளேடு உரசுகிற ஓரம், திருகாணியின் மரை, பிளேடுக்கு அடியில் வரும் தட்டின் ஓட்டை இந்த இடங்களில்தான் பூச்சு மெலிந்து போகும். அங்கே உப்புத் தண்ணீர் துத்தநாகத்தைத் தொட்டுவிட்டால் குரோம் கொப்பளித்து மேலே எழும்பும். அப்புறம் எதைத் தேய்த்தாலும் சரியாகாது. பித்தளைத் தலை இப்படிப் பொரியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் மாலிப்டினம் சேர்த்த 316எல், உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரேசர்களுக்கு வருவோம்.

முதலில் எல்லோரும் ஆசைப்படுவது வண்ணத்துப்பூச்சி ரகம். அடியில் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும், பிளேடை வைத்து மூட வேண்டியதுதான். பார்க்கர் 99ஆர் இந்த ரகத்தில் நல்ல பேர் வாங்கியது. இந்தியாவிலேயே செய்கிறார்கள், பித்தளை உடம்பு, நீளமான கைப்பிடி, கையில் கனமாக உட்காரும். அழுத்தாமல் அந்தக் கனத்தையே வேலை செய்ய விட்டால் போதும், முகம் சுத்தமாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர் பிளேடின் விளிம்பைத் தொடாமலே மாற்றிவிடலாம் என்பது பெரிய வசதி.

அதன் கதவைத் திறந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். போர் தண்ணீரில் சில வாரம் புழங்கிய ரேசர் என்றால் கீல் ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் படிவு தெரியும். சோப்புப் படிவும் உப்பும் சேர்ந்தது. அது ஒரு பக்கக் கதவின் அடியில் இறுகினால், மூடும்போது கதவு மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் பிளேடு சாய்ந்து, ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் கடித்தும் மழிக்கும். ஆள் பிளேடைத்தான் திட்டுவார். எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகிவிடும். ஆனால் அதை மாதாமாதம் செய்யப் பொறுமை வேண்டும். உள்ளே இருக்கும் தண்டையும் கீலையும் கழற்றித் துடைக்க வழியே கிடையாது. மெட்ரோ வாட்டர் வரும் வீட்டுக்கு 99ஆரைத் தாராளமாகச் சொல்வேன். போர் தண்ணீர் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மெர்க்கூர் 34சி-க்கும் எட்வின் ஜாகர் டிஇ89-க்கும்தான். இரண்டும் பல்லில்லாத நேர் ஓரம் வைத்தவை, தினசரி சவரத்துக்கு ஏற்ற நடுத்தர சுபாவம், இரண்டின் தலையும் குரோம் பூசிய ஜமாக். காகிதத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

34சி ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊர்ச் சரக்கு. குட்டையாக, தடியாக இருக்கும், எடை சுமார் 78 கிராம். சோப்புக் கையோடு பிடித்தாலும் வழுக்காது, அவ்வளவு ஆழமாகச் சொரசொரப்பு வெட்டியிருப்பார்கள். பிளேடை வளைத்து இறுக்கிப் பிடிப்பதால் தாடை எலும்புக்கு மேலே போகும்போது அதிர்வே இருக்காது. முதல் இழுப்பிலேயே ஒரு நிதானம் தெரியும். கழுத்தில் முடி சுழித்து வளர்பவர்களுக்கு அந்தக் குட்டைக் கைப்பிடி வரம். கோணம் மாற்ற முழங்கையைத் தூக்க வேண்டாம், விரலை உருட்டினால் போதும்.

இடிப்பது அதன் அமைப்பில். இது இரண்டு துண்டு ரேசர். அடித்தட்டு கைப்பிடியோடு ஒட்டியே இருக்கும், மேல்மூடி மட்டும் கழன்று வரும். மூடியின் தண்டு கைப்பிடிக்குள்ளே இறங்குவதால் தண்ணீரும் கூடவே இறங்கும். உதறினாலும் கொஞ்சம் உள்ளேயே நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் எந்தத் துணியும் காயாத நாட்களில் ரேசரின் வயிறு மட்டும் எப்படிக் காயும்?

டிஇ89 இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வருகிறது. மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டு. கில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரேசரும் இதே அமைப்புதான். அதற்கு முந்தைய வருஷம், விற்பனை தொடங்கிய 1903-இல், அவர்கள் விற்றது மொத்தமே 51 ரேசர், 168 பிளேடு. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் இந்த அமைப்பைத் தூக்கி எறிய யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. மூன்றையும் கழற்றித் துண்டில் ஒற்றி வைத்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், எந்த இடுக்கிலும் தண்ணீர் தங்காது. ஜெர்மனியின் மூலே ஆர்89-இன் தலையும் இதன் தலையும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.

மழிப்பில் 34சி-யை விட ஒரு சொட்டு மென்மை. அந்த நிதானம் இதில் கொஞ்சம் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் வெறும் கோடு மட்டும் போட்ட மாடல் ஈரக்கையில் நழுவும், சொரசொரப்பு வெட்டியதைக் கேட்டு வாங்குங்கள். மூடியிலிருந்து இறங்கும் திருகாணியும் ஜமாக்தான், வெறிகொண்டு முறுக்கினால் முறிந்து தட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். இரண்டு விரலால் இறுக்குவதே போதும். எனக்கு 34சி-யின் இழுப்பு பிடிக்கும். ஆனாலும் நம் தண்ணீருக்கு டிஇ89-ஐத்தான் மேலே வைப்பேன்.

சிலர் தினமும் மழிப்பதில்லை. ஷிஃப்ட் வேலை, மூன்று நாளுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று இருப்பார்கள். நம் ஆட்களின் முடி கறுத்து முரடாக, அடர்த்தியாக வளரும். மூன்று நாள் தாடியில் டிஇ89-ஐ விட்டால் நுரையும் முடியும் ஓரத்தில் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு இழுப்புக்கும் அலச வேண்டியிருக்கும். இங்கேதான் பல் வைத்த ரேசருக்கு வேலை. மூலே ஆர்41 அந்த ரகத்தின் முரடன். சீப்புப் பல் மாதிரி ஓரம், பிளேடு தாராளமாக வெளியே நீட்டியிருக்கும். இழுக்கும்போது ஒவ்வொரு முடியும் அறுபடுகிற 'சர்ர்' சத்தம் காதுக்கே கேட்கும். கோணம் தப்பினால் மன்னிக்காது. கல்மண்டபம் பக்கம் என் தலைமுடியை வெட்டுபவர் இதை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தை லேசாக வருடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு எங்க கத்தியே சாதுண்ணே" என்றார். பாதி பிளேடு செருகும் கத்தியைத் தினமும் பிடிக்கிற கை சொல்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்41-இல் ஃபெதர் பிளேடைப் போட்டுப் பழக வேண்டாம். அது பிளேடுகளிலேயே கூர்மைக்குப் பேர்போனது. ஆஸ்ட்ரா, செவன் ஓ கிளாக் மாதிரி நிதானமானவற்றில் தொடங்கலாம். எதிர் வாக்கில் இரண்டாம் முறை போகவும் இந்த ரேசரில் அவசியம் வராது.

ஒரே ரேசரில் தினசரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வேண்டும் என்பவர்கள் கூட்டிக் குறைக்கும் ரகத்துக்குப் போவார்கள். மெர்க்கூர் ப்ராக்ரஸ், பார்க்கர் வேரியன்ட் இரண்டும் குமிழைத் திருகினால் பிளேடுக்கும் தட்டின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி மாறும் வகை. திருகும் சுகம் தனிதான். ஆனால் குமிழ் இருந்தால் உள்ளே மரையும் ஸ்பிரிங்கும் இருக்கும், அங்கே படிவும் சேரும். வண்ணத்துப்பூச்சிக்குச் சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும்.

ராக்வெல் 6எஸ் இதை வேறு மாதிரி தீர்க்கிறது. மூன்று தட்டு, ஒவ்வொன்றையும் திருப்பிப் போடலாம், ஆக ஆறு அளவு. இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 0.8 வரை போகும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1-ஆம் எண் நம் தாடியைத் தடவிவிட்டுப் போகும், 2-உம் கிட்டத்தட்ட அப்படித்தான். 3, 4 தினசரிக்கு. 5, 6 இரண்டு மூன்று நாள் வளர்ந்த தாடிக்கு. ஆர்41-இன் வேகம் 6-இலும் வராது, ஆனால் ரத்தமும் வராது. விலை சில ஆயிரங்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனி. இதன் தம்பியான 6சி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. அது குரோம் பூசிய ரகம், பெட்டியில் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

எண் மாற்றும் விளையாட்டு வேண்டாம், ஒன்றை எடுத்தால் வருஷக்கணக்கில் அதுவே என்பவர்களுக்கு ரேசோராக் கேம் சேஞ்சர். இதுவும் 316எல். பெயரோடு வரும் .68, .84 என்ற எண்கள் இடைவெளியின் மில்லிமீட்டர் அளவு. தினசரிக்கு .68, விட்டு விட்டு மழிப்பவருக்கு .84. ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 ஸ்டீல் வேலைப்பாட்டில் 6எஸ், கேம் சேஞ்சர் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். மரை சுழலும்போது சத்தமே வராது. சுபாவம்தான் அநியாயத்துக்குச் சாது. மெல்லிய முடிக்காரர் தினமும் மழித்தால் சொர்க்கம். நம் அடர்த்திக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

மலிவு ரகம் பற்றி இரண்டு வார்த்தை. பாரிமுனைத் தெருக்களில் சலூன் சாமான் கடைகளில் கிடைக்கும் பேரில்லாத ஷேவிங் செட்டுகளில் தட்டு நேராக இருப்பது அதிர்ஷ்டம். பிளேடைப் போட்டு நேர் எதிரே பிடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிந்தால் வாங்கலாம். கில்லெட் கார்டு 2010-இல் 15 ரூபாய்க்கு வந்தது, கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். அவசரத்துக்கும் பயணத்துக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது இந்தப் பொழுதுபோக்கில் சேராது.

காசு செலவழிக்கும் முன் வீட்டுப் பரணை ஒருமுறை தேடுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நிக்கல் பூசிய பழைய ஷேவிங் செட் ஒன்று கிடக்க நிறைய வாய்ப்புண்டு. கில்லெட் டெக் மாதிரியான மூன்று துண்டு செட்டுகள் பெரும்பாலும் பித்தளை. பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தாலும் பயமில்லை, கீழே இருப்பது ஜமாக் இல்லையே. மரை சிதையாமல், தட்டு வளையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, புது பிளேடு போட்டால் இன்றைய டிஇ89-க்குப் பக்கத்தில் நிற்கும். தினசரி சவரக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கிடைக்காவிட்டால் டிஇ89, கையில் காசு இருந்தால் நேராக 6எஸ் அல்லது கேம் சேஞ்சர்.

ஏற்கெனவே 34சி வாங்கி வைத்திருப்பவர்கள் அதை விற்கக் கிளம்ப வேண்டாம். மழித்து முடித்ததும் மூடியைக் கழற்றி, நுரைக்கு எடுத்ததில் மிஞ்சிய கேன் தண்ணீரில் தலையை ஒரு முக்கு முக்கி, கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிவிடுங்கள். மூடியைத் தனியாக ஜன்னலோரம் வையுங்கள். பாத்ரூமில் மட்டும் வேண்டாம்.