கடனை விலைக்கு வாங்கியவர் வழக்குப் போட்டால்: ஒப்புக்கொள்வதா, எதிர்ப்பதா?

இங்கிலாந்தில் கிரெடிட் கார்டு பாக்கி நீண்ட நாள் நின்றுபோனால், வங்கி அதை வேறொரு கம்பெனிக்கு மலிவாக விற்றுவிடும். வாங்கிய கம்பெனி ஒருநாள் வழக்குப் போடும். நார்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற அலுவலகத்திலிருந்து கவர் வரும். ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படியொரு கவரைக் கொண்டுவந்தார். "இந்தக் கம்பெனிக்காரன்கிட்ட நான் ஒரு காசுகூட வாங்கலையே தம்பி, கிழிச்சுப் போட்டுடவா?"

அது மட்டும் வேண்டாம். பதில் போகாவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால் அது 6 வருடம் தீர்ப்புகளின் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

எந்த வழியில் போவதானாலும் முதலில் "வழக்கு கிடைத்தது" என்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். படிவத்தில் உள்ள தேதியிலிருந்து 5-ஆம் நாள் அது உங்களுக்குக் கிடைத்ததாகக் கணக்கு. அங்கிருந்து 14 நாள் கெடு. இப்படித் தெரிவித்தால் கெடு 28 நாளாகும். வழக்கு கிடைத்தது என்று சொல்வது, கடன் என்னுடையது என்று சொல்வதாகாது. அக்கா பயந்தது இதற்குத்தான்.

கடன் உங்களுடையதுதான், தொகையும் சரி, பழசும் இல்லை என்றால் ஒப்புக்கொள்வதே மேல். கடனை ஒப்புக்கொள்வதற்கான என்9ஏ படிவத்தில் வரவு செலவை எழுதி, மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று கேட்கலாம். முழுத் தொகையையும் ஒப்புக்கொண்டால் அந்தப் படிவம் நீதிமன்றத்துக்கு அல்ல, வழக்குப் போட்டவருக்கே போக வேண்டும். தீர்ப்பு பதிவாகும், ஆனால் தவணை கையில் இருக்கும்.

எதிர்ப்பது வேறு வேலை. "என்னிடம் பணம் இல்லை" என்பது எதிர்வாதம் ஆகாது. கடன் கைமாறியதை எழுத்தில் தெரிவித்தார்களா, ஒப்பந்த நகல் இருக்கிறதா, தொகை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி 1 பவுண்டு கட்டி கார்டு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். 12 வேலை நாளுக்குள் தராவிட்டால், தரும்வரை அந்தக் கடனை அமல்படுத்த முடியாது. போன் பில் பாக்கிக்கு இந்த வழி இல்லை.

பழைய கடனுக்கு 6 வருடக் காலவரம்பு, அதாவது அதற்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்ற விதி, பெரிய ஆயுதம். ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். கார்டு கடனில், தவணை தவறியதற்காகக் கடன் கொடுத்தவர் அனுப்பும் அறிவிப்பின் கெடு முடிந்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும் என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 6 வருடம் முடியும் முன் 5 பவுண்டு கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதனால் பயந்துபோய் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு "கொஞ்சம் கட்டுறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். கடன் ஆலோசனை அமைப்புகளான நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் இரண்டிலும் ஆலோசனை இலவசம். முதல் போன் அங்கே போகட்டும்.

அக்கா கடைசியாகப் பணம் கட்டி ஏழு வருடம் ஆகிறது. அந்த அறிவிப்பு எப்போது வந்தது என்று நினைவில்லை. அதனால் எதிர்க்கும் வழியையே எடுத்தோம். ஒப்பந்த நகலோடு அறிவிப்பின் நகலையும் கேட்டுக் கடிதம் எழுதி, 1 பவுண்டு போஸ்டல் ஆர்டரையும் கவரில் வைத்தோம். போஸ்ட் ஆபீஸில் அனுப்பியதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம், அவர்கள் பதில் தந்தாலும் தராவிட்டாலும் எதிர்வாதம் போய்ச்சேர வேண்டிய, படிவத் தேதியிலிருந்து 33-ஆம் நாளை (5 + 28)க் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டோம்.