சேலத்துல ஒரு கிறிஸ்துமஸ் லஞ்ச்: சாப்பாடும் தத்தெடுப்பு பேச்சும்

போன ஞாயிறு எங்க சேலத்துல ஒரு சர்வீஸ் கிளப் நடத்துன கிறிஸ்துமஸ் லஞ்சுக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். சீரக சம்பா மட்டன் பிரியாணி அருமை, கறி பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சு, தயிர் பச்சடி மட்டும் முதல் பந்தியோட தீந்துபோச்சு.

ஆனா நான் எழுத வந்தது தத்தெடுப்பு பத்தி அங்க நடந்த பேச்சுக்காகத்தான். வளக்க முடியாத குழந்தைய அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்னு 1992ல தொட்டில் குழந்தை திட்டம் ஆரம்பிச்ச ஊரு இது, இங்கயே இன்னும் "ஆஸ்பத்திரில குழந்தை இருந்தா சொல்லுங்க"ன்னு கேக்குறவங்க இருக்காங்க, அப்படி கைமாத்தி வாங்குறது குற்றம், தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவோட வெப்சைட்ல பதிவு பண்ணித்தான் போகணும்னு ஒரு மேடம் பொறுமையா சொன்னாங்க. இப்பல்லாம் தத்து உத்தரவு கோர்ட்ல இல்ல, கலெக்டர்கிட்டயே. ஃபாஸ்டர் கேர்னா பிள்ளைய தத்தெடுக்காம தற்காலிகமா வீட்ல வச்சு வளக்குறது; அதுக்கான 2024 வழிகாட்டுதல்படி அப்படி ரெண்டு வருஷம் வளத்த குடும்பம், அந்தப் பிள்ளை சட்டப்படி தத்துக்கு தகுதியா இருந்தா, தத்தெடுக்கவும் கேக்கலாமாம், எனக்கு இது புதுசு.

பக்கத்து டேபிள்ல ஒரு அம்மா எலும்ப ஒன்னொன்னா எடுத்துட்டு தத்தெடுத்த பாப்பாவுக்கு ஊட்டிட்டு இருந்தாங்க, அப்பப்பாத்து மைக்ல ஒருத்தர் "அனாதைக் குழந்தைகள் கிஃப்ட் வாங்க மேடைக்கு வரவும்"னு கூப்பிட்டாரு. அந்தம்மா கை அப்படியே நின்னுடுச்சு. தயவுசெஞ்சு அந்த வார்த்தைய விட்ருங்க, கிஃப்ட்ட டேபிளுக்கே கொண்டுபோய் குடுங்க.