குற்றாலமா, பாபநாசமா: பிள்ளைகளோடு குளிக்க எது பத்திரம்?

போன மாதம் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வந்தபோது வீட்டில் இதே பேச்சுதான். பிள்ளைகள் மூன்று பேர், மூட்டுவலியோடு அம்மா. அத்தானுக்குக் குற்றாலம்தான் வேண்டும். நான் பாபநாசம் அகஸ்தியர் அருவி என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் அங்கேதான் போனோம், இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

சாப்பாடு, தங்கும் வசதி, சாரல் எல்லாவற்றிலும் குற்றாலம் ஒரு படி மேல். பாளையங்கோட்டையிலிருந்து தூரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டத்தில் போனையும் நகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், குரங்கு பையைப் பறிக்கும், இதெல்லாம் இரண்டு இடத்துக்கும் பொதுதான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. நாம் தலையைக் கொடுத்து நிற்கிற தண்ணீருக்கு மேலே என்ன இருக்கிறது? குற்றாலத்தில் மலையும் காடும்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெருமழை கொட்டினால் அது ஓடைகளில் இறங்கி நேரே அருவிக்கு வந்துவிடும், நடுவில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் கிடையாது. 2024 மே 17 அன்று அங்கிருக்கிற அருவிகளில் ஒன்றான பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். சீசன்கூட இல்லை, கோடை மழை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓட, திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் வெள்ளத்தோடு போய்விட்டான். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து பழைய குற்றாலப் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குற்றாலத்தின் முக்கிய அருவியான பேரருவி கொஞ்சம் பரவாயில்லை. மேலிருந்து விழுகிற வேகத்தைப் பாறை நடுவில் இருக்கிற பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளம் வாங்கிக்கொள்கிறது, தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள், போலீஸும் நிற்கும். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் விசில் சத்தம் காதில் விழுந்து, ஒரு கையில் பிள்ளை மறு கையில் அம்மா என்று, எண்ணெய் வழுக்குகிற தரையில் அத்தனை பேருக்கு நடுவே வெளியே வர எத்தனை நிமிடம் ஆகும்? எண்ணெய்க்கும் சோப்புக்கும் அங்கேயும் தடை உண்டுதான், அந்தக் கூட்டத்தில் யார் யாரைப் பார்ப்பது.

அகஸ்தியர் அருவிக்கு மேலே காரையாறு அணை இருக்கிறது, முழு நீர்மட்டம் 143 அடி. மேல்மலையில் பெய்கிற மழை முதலில் அதில் போய் அடங்குகிறது. அதனால்தான் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிறது, சட்டென்று ஏறுவதும் குறைவு. வனத்துறை செக்போஸ்டில் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுகிறார்கள், எண்ணெய், ஷாம்பு எதுவும் உள்ளே போகாது. அம்மா யார் தோளையும் பிடிக்காமல் நின்று குளித்தார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இந்தக் கணக்கு செல்லாது. அணை நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டாக வேண்டும். 2023 டிசம்பரில் இந்தத் தாமிரபரணி ஆறு எப்படி வெள்ளமாக ஓடியது என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் குளிக்கத் தடை என்றால் செக்போஸ்டில் கெஞ்சாமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் அருவியை நம்பலாம், ஆற்றை நம்பக்கூடாது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கோயில் படித்துறையில் இன்னொரு முங்கு போடலாம் என்று இறங்குகிறார்கள். பார்க்க அமைதியாக இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் ஆழம். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டியும் சேலையும் அடியில் கிடக்கும். எங்கள் அக்கா மகன், நன்றாக நீச்சல் தெரிந்த பையன், இடுப்பளவு தண்ணீரில் காலில் சேலை சுற்றி நிலைதடுமாறிவிட்டான். அத்தான் பக்கத்திலேயே நின்றதால் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். வீடு வந்து சேரும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

மணிமுத்தாறு அருவிக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியில்லை. அருவிக்கு முன்னால் இருக்கிற தடாகம் ஆழமானது, பிள்ளைகளை அங்கே விட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். ராத்திரிக் குளியல் வேண்டும் என்றால் குற்றாலம்தான், அகஸ்தியர் அருவி காட்டுக்குள் இருப்பதால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். ராத்திரியில் குற்றாலம் பெண்கள் தனியாகப் போக எப்படி என்பதை அப்படிப் போய்வந்த பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கே போனாலும் தண்ணீரின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, விசிலுக்குக் காத்திருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், செருப்பும் துண்டும் கிடக்கட்டும்.

அம்மா ஆடிச் சாரலில் ஒரு தடவை பேரருவியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கூட்டம் இல்லாத செவ்வாய், புதனாகப் பார்த்து, விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.