லேபிள் இல்லாத ‘புழு மருந்து’: என் கடல்நீர்த் தொட்டி போன கதை

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த முறை கடைக்குப் போங்கள். ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டியை ஒரே இரவில் தொலைத்தவன் நான். என் தப்பும் இதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வாங்கிய ஆக்ரோபோரா (கிளைவிட்டு வளரும் பவள வகை) துண்டு ஒன்று மூன்றாவது வாரமே நிறம் மங்கியது. மேல்தோலில் வட்ட வட்டமாக வெளிறிய தடங்கள். எதுவோ இரவில் வந்து கடிக்கிறது என்று நினைத்து, விளக்கு அணைந்தபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து விரல் நீளப் புழு ஒன்று, பழுப்பும் இளஞ்சிவப்புமாக, இரு பக்கமும் வெள்ளை முள்மயிரோடு ஊர்ந்து வந்து அந்தப் பவளத்தின் அடியில் நின்றது. திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்றுதான் தோன்றியது.

பவளம் விற்ற அதே கடையில் போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் இரண்டு நொடி பார்த்திருப்பார். “ஃபயர் வார்ம் சார். விட்டா எல்லாத்தையும் தின்னுடும்.” உள்ளே போய் லேபிள் இல்லாத சின்ன பாட்டிலை எடுத்து வந்தார். “நாங்களே கலக்குறது. புழுவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது.” புழுவை மட்டும் ஆள் அடையாளம் பார்த்துக் கொல்லும் மருந்து! அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவு ஊற்றினேன். காலையில் நத்தைகள் எல்லாம் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் கிடந்தன. இறால் இரண்டும் போய்விட்டன. விசிறிப்புழு தன் குழாயை விட்டு வெளியே வந்து தொங்கியது. மணல் முழுக்கச் செத்த புழுக்கள். இத்தனை பேர் அங்கே குடியிருந்ததே எனக்குத் தெரியாது. அவை அழுகி அம்மோனியா ஏற, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் மாற்றி, கார்பன் போட்டு, வேறு தொட்டிக்கு எடுத்துப் போய் மீன்களை மட்டும் காப்பாற்றினேன். பவளம் ஒன்றும் பிழைக்கவில்லை.

செம்பு டெஸ்ட் கிட் வாங்கிச் சோதித்தேன். நிறம் மாறியது. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தனித்தொட்டியில் போடுகிற செம்பு மருந்து இருக்கிறதே, அந்த வகைதான். மீன் தாங்குகிற அளவுச் செம்பை இறாலோ நத்தையோ பவளமோ தாங்காது. பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் என்பதால் அவற்றையும் தூக்கிப் போட்டேன்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. செத்த ஆக்ரோபோராவை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அடிப்பக்கத்து வெற்று எலும்பில் பொன்பழுப்பு முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஆக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவின் முட்டைகள். அந்தப் புழு பவளத்தின் நிறத்திலேயே அப்பிக் கிடப்பதால் கண்ணுக்கு அகப்படாது. வட்டக் கடித்தடம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் துண்டைத் தவிர மாதக்கணக்கில் தொட்டிக்குள் புதிதாக எதுவும் போகவில்லை. ஆக, புழுவை விற்றவரே மருந்தையும் விற்றிருக்கிறார். நான் டார்ச்சில் பார்த்தது சாதாரண பிரிஸ்டில் வார்ம், அதாவது முள்மயிர்ப் புழு. செத்த சதையும் மிச்சத் தீனியும் தேடி வந்த துப்புரவாளர், அவ்வளவுதான்.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “நீங்க தண்ணிய சரியா பாத்துக்கல சார்” என்றார். பாட்டிலில் என்ன என்பதற்குப் பதிலே இல்லை.

என் தப்பு: துண்டைத் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்காமல் நேரே உள்ளே இறக்கியது. பவளத்துக்கான மருந்துநீரில் முக்கியிருந்தால் வளர்ந்த தட்டைப்புழுக்களாவது உதிர்ந்திருக்கும். முட்டைக்கு அது உறைக்காது. சுரண்டி எடுக்க வேண்டும், வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப முக்க வேண்டும்.

உண்மையான ஃபயர் வார்மை இப்போது படத்தில் பார்த்தாலே தெரிகிறது. வெள்ளை முள்கொத்துகளை ஒட்டிச் செக்கச்செவேல் என்று செவுள்கள், தலையில் மடிப்பு மடிப்பாகச் சதைக் கொண்டை. பவளக் கிளையின் நுனியையே வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். தொட்டிக்கு அது வருவது அரிது. எதுவானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். முள் ஏறினால் செலோ டேப் ஒட்டி உரியுங்கள். பயப்பட வேண்டியது பாபிட் வகைப் புழுவுக்கு: தலையில் ஐந்து உணர்கொம்புகள், உடம்பில் வானவில் மினுக்கு, கத்தரிபோல் தாடை. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ மீன்காட்சியகத்தில் பவளங்களைக் குதறியது யார் என்று தொட்டியைக் கலைத்துத் தேடியபோது, நான்கு அடி நீளத்தில் இந்த வகை ஆசாமி ஒருவர்தான் கிடைத்தார்.

துரு நிறத்தில், சில மில்லிமீட்டர் நீளத்தில், வால் பிளந்த சின்னப் புழுக்கள் கண்ணாடியில் பரவினால் அது வேறு கதை. அவை பவளத்தைத் தின்பதில்லை, மேலே மூடி வெளிச்சத்தை மறைக்கும். மொத்தமாகக் கொன்றால் அவற்றின் நஞ்சே மீனைக் கொல்லும். முதலில் குழாய் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம் மருந்தை யோசியுங்கள். மணலில் நூல்நூலாகக் கை நீட்டும் புழுவையும் விசிறிப்புழுவையும் அதனதன் பாட்டுக்கு விட்டுவிடலாம்.

ஏற்கெனவே பெயரில்லாத பாட்டில் ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால், ஒரு வாளிக் கடல்நீரில் அவர்கள் சொன்ன அளவைக் கலந்து செம்பு கிட்டில் பாருங்கள். கீலேட் செய்த (வேறு வேதிப்பொருளோடு பிணைத்த) செம்பைச் சில கிட்கள் சரியாகக் காட்டாது. மொத்தச் செம்பையும் காட்டுகிற கிட்டாகக் கேட்டு வாங்குங்கள்.