பெட்டியில் 3, உள்ளே 6: ரெட் டாட் சைட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஒஹாயோவில், துப்பாக்கிக் கடை ஒன்றில் என் ரூகர் மார்க் 4 டார்கெட் பிஸ்டலுக்கு ரெட் டாட் சைட் வாங்கினேன். கண்ணாடியில் சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி அது. பொருத்தித் தருவதற்கான கூலியையும் அவர்களிடமே கொடுத்தேன். கையில் வந்தது, யாரோ திருப்பிக் கொடுத்த பழைய சைட்டும் மரை அழிந்த துப்பாக்கியும். கடையின் பெயரைப் பொதுவில் எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எந்த ஊர்க் கடையிலும் நடக்கக்கூடியது.

இந்தியாவில் பயிற்சி எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் புள்ளியும் கண்ணாடியும் இல்லாத திறந்த சைட் மட்டும்தான். இங்கே அமெரிக்காவில் ஒற்றைக் கையால் சுடும் புல்ஸ்ஐ போட்டியில் ரெட் டாட்டுக்கு அனுமதி உண்டு. வயதான கண்களுக்கு அது பெரும் வரம்.

நான் கேட்டது 3 எம்.ஓ.ஏ. புள்ளி. எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு எம்.ஓ.ஏ. 100 கஜத்தில் ஏறக்குறைய 1.05 அங்குலம். அதனால் 50 கஜத்தில் 3 எம்.ஓ.ஏ. புள்ளி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் மறைக்கும். அந்தத் தூரத்து இலக்குத்தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம். புள்ளி அதற்குள் அடங்கிவிடும். பெரிய புள்ளியை விரும்பிப் பயன்படுத்தும் நல்ல வீரர்களும் இருக்கிறார்கள், கை நடுக்கம் அதில் குறைவாகத் தெரியும் என்பதால். அது அவரவர் விருப்பம். எனக்கு வேண்டியது சிறியது. பெட்டியிலும் ரசீதிலும் 3 என்றே இருந்தது.

சுடுதளத்தில் பார்த்தபோது புள்ளி இலக்குத்தாளின் கறுப்பு வட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடைத்துக்கொண்டு நின்றது. கடைக்குப் பேசினேன். வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், கூடுதலாக வைத்தால் புள்ளி ஊதிப்போய்த் தெரியும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் குறைத்த பிறகும் அப்படியேதான் இருந்தது. கறுப்பு வட்டம் 8 அங்குலம், 3 எம்.ஓ.ஏ. என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. நான் கண்டது ஐந்தில் இரண்டு பங்கு. கணக்கு 6 எம்.ஓ.ஏ. என்றது.

சைட்டைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் இருந்த மாடல் எண் ஒன்று, பெட்டியில் இருந்தது வேறொன்று. அடியில் பழைய பிடிமானத்தின் கீறல்கள். பொருத்திக் கொடுத்துவிட்டால் அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் படாது! அன்றைக்கு அவர்கள் அத்தனை ஆர்வமாகப் பொருத்தித் தர முன்வந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. திரும்பப் பெற மறுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் இன்னும் அழகு: பெட்டியைத் திறந்த மின்னணுப் பொருளைத் திரும்ப வாங்குவதில்லையாம். அப்படியானால் எனக்கு விற்ற இது எப்படி அவர்களிடம் திரும்பி வந்தது?

சைட்டைத் தாங்கும் பட்டையான ரெயிலின் முன் திருகைக் கோணலாகச் செலுத்தி முறுக்கியிருந்தார்கள். கழற்றும்போது இரும்புத் துகளோடு வந்தது. இந்த பிஸ்டலில் ரெயில் உட்காரும் ரிசீவர்தான் வரிசை எண் பொறித்த பகுதி. சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பதே அதுதான். உதிரி பாகம் போலத் தபாலில் வீட்டுக்கு வரவழைக்க முடியாது. துப்பாக்கி மெக்கானிக் பெரிய அளவில் புதிய மரை வெட்டித் தந்தார், என் செலவில்.

இருபத்திரண்டு காலிபர் (.22) பிஸ்டலுக்கு உதைப்பே கிடையாது, எந்த சைட்டும் போதும் என்று விற்பனையாளர் சொன்னால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். மார்க் 4-இல் சுடும்போது உள்ளே போல்ட் என்ற பாகம் மட்டும்தான் முன்பின் நகர்கிறது, சைட் அசையாத ரிசீவர்மேல் இருக்கிறது. ஆகவே மலிவான சைட்கூட எளிதில் உடையாது. ஆனால் இலக்குச் சுடுதலுக்கு உடையாமல் இருந்தால் போதுமா? பிஸ்டலைத் தாங்கியில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் நகர்த்துங்கள். புள்ளி இலக்கை விட்டு ஓடினால், பள்ளியில் படித்த இடமாறு தோற்றப்பிழை அந்த சைட்டில் அதிகம். சைட்டைச் சரிசெய்யும் திருகை ஒரு பக்கம் சில கிளிக்குகள் திருப்பி, அதே எண்ணிக்கை திரும்ப வந்தால், குண்டுகளும் பழைய இடத்துக்கு வர வேண்டும். புள்ளி சிதறிய நட்சத்திரம் போலத் தெரிந்தால் உடனே கடைக்காரரைத் திட்டாதீர்கள். கைப்பேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். அதில் வட்டமாகத் தெரிந்தால் கோளாறு உங்கள் கண்ணின் சிதறல் பார்வையில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் அடிப்பக்க எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் பொருந்தாத படங்களை அனுப்பியதும் கிரெடிட் கார்டு நிறுவனம் சைட்டின் விலையைத் திருப்பித் தந்தது. மரைக்கான செலவுக்குக் கடை இன்றுவரை பதில் சொல்லவில்லை. அடுத்த சைட்டை வேறு கடையில் வாங்கி நானே பொருத்தினேன், தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில், திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு.