கைவைத்த ஆர்எக்ஸ்-7, கலிஃபோர்னியா ஸ்மாக் செக்: எந்த வழியில் போவது?

மஸ்டாவின் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-7-இன் மூன்றாம் தலைமுறையான எஃப்டி, அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரை மூன்றே மாடல் ஆண்டுகள்தான் விற்பனையில் இருந்தது. 1.3 லிட்டர் ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் என்ஜின்), ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ, 255 குதிரைத்திறன். யாரும் கைவைக்காத எஃப்டி இன்று கிடைப்பது அபூர்வம். கம்பெனி பாகங்களை மாற்றிக் கைவைத்த ஒன்றைக் கலிஃபோர்னியாவில் வைத்திருப்பவருக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் எனும் புகைச் சோதனைக்கு நோட்டீஸ் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அவருக்கு உருப்படியான வழிகள் மூன்று: வண்டியைக் கம்பெனி நிலைக்கே திருப்புவது, அனுமதி எண் உள்ள பாகங்களோடு மட்டும் ஓட்டுவது, என்ஜினையே மாற்றி, சிக்கலான வண்டிகளைப் பார்க்கும் மாநிலத்தின் சிறப்புச் சோதனையாளரான ரெஃப்ரியிடம் கொண்டுபோவது.

சோதனை எதைப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1976 முதல் 1999 வரையிலான பெட்ரோல் வண்டிகளை, பெரிய நகரங்களை ஒட்டிய பகுதிகளில் டைனோ உருளைமேல் (நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவைக்கும் கருவி) ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் என்று இரண்டு வேகங்களில் சுமையோடு ஓட்டுகிறார்கள். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றையும் அளக்கிறார்கள். அதோடு பானெட்டைத் திறந்து, கம்பெனி வைத்த மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்கிறார்கள். புகை சுத்தமாக வந்தால் போதும் என்று நம்பி வருபவர்கள் மாட்டுவது இந்த இரண்டாவது பாதியில்தான். மூன்று அளவும் வரம்புக்குள் இருந்தாலும், ஏர் பம்ப் காணோம் என்றால் வண்டி ஃபெயில்.

ரோட்டரிக்கு முதல் பாதியும் சுலபமில்லை. அதன் எரியறை நீண்டு தட்டையாக இருப்பதால் ஓரங்களில் தீ அணைந்துவிடுகிறது. ரோட்டரின் முனை சீல்கள் தேயாமலிருக்க, எண்ணெயையும் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு எரிக்கிறது. எனவே நைட்ரிக் ஆக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் அதிகம். இதைச் சமாளிக்கத்தான் மஸ்டா டர்போவை ஒட்டி, புகையைச் சுத்தப்படுத்தும் ஒரு சிறிய கேட்டலிடிக் கன்வர்ட்டர், அதற்குப் பின்னால் ஒரு பெரியது, இரண்டுக்கும் துணையாகக் காற்றை ஊதும் ஏர் பம்ப் என்று வைத்தது. எஃப்டி வாங்கியவர்கள் முதலில் கழற்றி எறிவது அந்தச் சிறிய கன்வர்ட்டரைத்தான். அடைத்துக்கொண்டால் பின்னழுத்தம் ஏறும், பானெட்டுக்குள் அனல் தங்கும், என்ஜின் பாழாகும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அந்த இடத்தில் டவுன்பைப் எனும் வெறும் குழாயைப் போட்டால் கலிஃபோர்னியாவில் பாஸ் கிடையாது.

முதல் வழி, கம்பெனி நிலைக்குத் திருப்புவது. கழற்றிய பாகங்கள் எல்லாம் பரணில் பத்திரமாக இருந்தால் இதுவே நிச்சயமான வழி. இல்லாவிட்டால் இதுவே செலவு அதிகமான வழி. பழைய எஃப்டி பாகங்களுக்கு இப்போது யானை விலை. உண்மையான வேலை டர்போக்களுக்கு அடியில் இருக்கிறது. டர்போக்களை மாறிமாறி இயக்கும் மின்வால்வுகளான சோலனாய்டுகளும் அவற்றை இணைக்கும் வேக்குவம் ஹோஸ்களும் இன்டேக்குக்குக் கீழே கொத்தாகப் பின்னிக் கிடக்கும். முப்பது வருஷ அனலில் அந்த ரப்பர் கருவாடாகக் காய்ந்து, விரல் பட்டாலே உடைகிறது. அதனால்தான் பலர் அந்தக் கொத்தையே தூக்கிவிட்டு ஒற்றை டர்போவுக்குப் போகிறார்கள். திரும்பி வருபவர் ஒவ்வொரு ஹோஸையும் அதே உள்விட்டமுள்ள சிலிக்கான் ஹோஸாக, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வரைபடம் பார்த்து மாற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத வேலை. ஒழுங்காக முடித்துவிட்டால் சோதனை மட்டுமல்ல, ஓட்டமும் சீராகிறது.

சோதனைக்காக மாட்டி, முடிந்ததும் கழற்றுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மீதி நாளெல்லாம் சட்டத்துக்கு வெளியே ஓடுகிறது என்பது ஒருபுறம். ஒவ்வொரு தடவையும் துருப்பிடித்த போல்ட்டுகள் முறிவது மறுபுறம்.

இரண்டாவது, அனுமதி எண்ணோடு ஓட்டுவது. மாசுக் கட்டுப்பாட்டோடு தொடர்புள்ள மாற்றுப் பாகத்துக்குக் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் ஈஓ நம்பர் எனும் அனுமதி எண் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்தியதாக. மாற்றுக் கன்வர்ட்டருக்கும் இதே கதிதான். மற்ற மாநிலங்களில் தாராளமாகப் பாஸ் ஆகும் கன்வர்ட்டரை, அதன் மேலுறையில் அந்த எண் இல்லையென்றால் இங்கே ஏற்க மாட்டார்கள். விலை கூடத்தான், ஆனால் இங்கே மிச்சம் பிடித்தால் இரண்டு செலவு. ஈஓ இல்லாத ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஒற்றை டர்போ, திறந்த ஏர் ஃபில்டர் எதையும் ஏற்க மாட்டார்கள். கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் எக்ஸாஸ்ட்டுக்கு ஈஓ தேவையில்லை, சத்த வரம்பு மட்டும் உண்டு. சஸ்பென்ஷன், பிரேக், டயர், பெரிய ரேடியேட்டர் எதையும் ஸ்மாக் செக் தொடாது. எஃப்டியின் அழகே வளைவில் திரும்பும் விதத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்தப் பக்கம் போடும் பணம் வீண் இல்லை.

இந்த இரண்டு வழிக்கும் தயாரிப்பு ஒன்றே. நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் ஆக்சிஜன் சென்சாரும் புதிதாக இருக்கட்டும். எண்ணெயை மாற்றுங்கள், ரோட்டரியில் பெட்ரோல் எண்ணெயில் கலப்பது சகஜம், அந்த ஆவி திரும்ப இன்டேக் வழியே போய் ஹைட்ரோகார்பனை ஏற்றும். ஃப்ரீவேயில் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நேராக டைனோவில் ஏற்றும்படி முன்பதிவு செய்யுங்கள். வரிசையில் ஐடிலில் காத்துக் கிடந்தால் கன்வர்ட்டர் ஆறிவிடும். முன்சோதனை செய்து தரும் நிலையங்கள் உண்டு; முதலில் அதைக் கேளுங்கள்.

மூன்றாவது, என்ஜின் மாற்றம். செவர்லேயின் எல்எஸ் வி8-ஐ எஃப்டியில் இறக்குவது அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம். இது சட்டப்படியும் முடியும். உள்ளே வரும் என்ஜின் வண்டியின் மாடல் ஆண்டுடையதாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும், அது வந்த வண்டியின் கன்வர்ட்டர், சென்சார்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் எல்லாம் கூடவே வர வேண்டும். ரெஃப்ரி பார்த்துத் திருப்தியானால் வண்டியில் ஒரு லேபிள் ஒட்டுவார். அதன்பின் சாதாரண நிலையங்களில் அந்த லேபிள்படி சோதிக்கிறார்கள். ஜிஎம் விற்ற ஈ-ராட் தொகுப்புகளில் என்ஜினோடு இந்தப் பாகங்களும் ஈஓவும் சேர்ந்தே வந்தன. 300 குதிரைக்கு மேல் வேண்டும், நிம்மதியும் வேண்டும் என்பவருக்கு ஒற்றை டர்போ ரோட்டரியைவிட இதுதான் நேர்மையான பாதை. எனக்கு மனசு வராது. 8,000 ஆர்பிஎம் வரை சலிக்காமல் ஏறும் அந்த என்ஜினுக்காகத்தான் இந்த வண்டியையே விரும்புகிறேன்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். இன்னொரு வண்டியின் புகையை உங்கள் வண்டி பேரில் பதிவு செய்து தருகிறேன் என்பவரிடமிருந்து விலகுங்கள், அது குற்றம். இங்கே குடியிருந்துகொண்டு வேறு மாநிலத்தில் பதிவதும் தப்பு. வருமானம் குறைந்தோருக்கு மாநிலம் தரும் ரிப்பேர் உதவி, மாசுக் கட்டுப்பாட்டைக் கழற்றி ஃபெயிலான வண்டிக்குக் கிடைக்காது. 1975 வரையிலான வண்டிகளுக்கு ஸ்மாக் செக்கே இல்லை, சோதனைத் தொல்லையே வேண்டாம் என்றால் டாட்சன் 240இசட் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடலாம். 35 வயது தாண்டிய வண்டிகளுக்கு விலக்குக் கேட்டு, டிவி நட்சத்திரமும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோவின் ஆதரவோடு வந்த மசோதா 2025-இல் குழுநிலையிலேயே நின்றுபோனது. அதை நம்பி எஃப்டி வாங்காதீர்கள்.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கே: கம்பெனி ஈசியு, இரட்டை டர்போ, புது ஹோஸ்கள், ஈஓ உள்ள கன்வர்ட்டர், நல்ல கூலிங். வாங்கப் போகிறவர்கள், கழற்றிய பாகங்கள் இருக்கும் பெட்டியை விற்பவரிடம் முதலில் கேளுங்கள். அது இல்லையென்றால் அந்தத் தொகையை விலையிலேயே குறைத்துப் பேசுங்கள்.