ரெண்டாவது தட்டு: ஹெல்சிங்கி பக்கத்துல இருந்து மூணு படம்

ஃபாலன் லீவ்ஸ்ங்கற பின்லாந்து படத்துல ஒரு சின்ன சீன் இருக்கு. அன்ஸா தனியா வாழுறவ. ஒருத்தன ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கா. சொல்லிட்டு கடைக்குப் போறா, ஒரு தட்டு வாங்குறா, கூடவே ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி. அவ்ளோ தான் சீன். அந்த வீட்ல இதுவரைக்கும் ஒரே ஒரு ஆளுக்கான சாமான் தான் இருந்திருக்குன்னு நமக்கே புரியுது, யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. நான் வேலைக்குன்னு ஊர விட்டு வந்த முதல் வருஷம் என் ரூம்லயும் ஒரு தட்டு ஒரு டம்ளர் தான், ஃப்ரெண்ட் ஒருத்தி ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னப்ப தான் பாத்திரக் கடைக்கு ஓடினேன். அந்த ஞாபகம் வந்து படத்த பாஸ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் பின்லாந்து சம்பந்தப்பட்ட படமா தேடித் தேடி பாத்தேன். காதல், நட்பு, நமக்குன்னு ஒரு எடம், இதயெல்லாம் தனித்தனியா பிரிக்காம ஒண்ணாவே சொல்ற படங்க. அதுல மூணு மனச விட்டுப் போகவே இல்ல. கதைய கொஞ்சம் சொல்லித் தான் ஆகணும், படத்த பாத்துட்டு தான் படிப்பேங்கறவங்க இங்கயே நிறுத்திடுங்க.

மொதல்ல ஃபாலன் லீவ்ஸ். 2023ல வந்தது, டைரக்டர் அக்கி கௌரிஸ்மாக்கி. 2017ல தி அதர் சைட் ஆஃப் ஹோப் முடிச்சதோட இனிமே படம் எடுக்க மாட்டேன்னு சொன்னவர், ஆறு வருஷம் கழிச்சு இதோட திரும்ப வந்தார், பிரான்ஸ்ல நடக்குற கான் பட விழால ஜூரி பரிசு கெடச்சுது. மொத்தமே 81 நிமிஷம் தான். 1986ல இருந்து 1990க்குள்ள குப்பை வண்டிக்காரர், வேலை போன சுரங்கத் தொழிலாளி, தீப்பெட்டி ஃபேக்டரி பொண்ணுன்னு உழைக்கிற ஜனங்கள வெச்சு மூணு படம் எடுத்தார் இல்லையா, இது அதே வரிசைல நாலாவது.

அன்ஸா சூப்பர்மார்க்கெட்ல வேலை பாக்குறா. தேதி முடிஞ்சு எப்படியும் குப்பைக்குப் போகப் போற சாப்பாட்ட பைல போட்டுட்டுப் போனான்னு வேலைய விட்டு தூக்கிடறாங்க. கூட வேலை பாக்குற தோழிங்க என்ன பண்றாங்கன்னா, பெரிய பேச்செல்லாம் இல்ல, அவங்களும் அவளோடயே வெளிய வந்துடறாங்க. நட்புன்னா என்னன்னு இந்தப் படம் சொல்றது அந்த அரை நிமிஷத்துல தான். அந்தப் பக்கம் ஹோலப்பா, இரும்புப் பட்டறைல வேலை, வேலை நேரத்துலயே ஒளிச்சு வெச்சு குடிக்கிறவன். ஏன்டா குடிக்கிறன்னு கூட்டாளி கேட்டா மனசு சரியில்லன்னு சொல்றான், மனசு ஏன் சரியில்லன்னா குடிக்கிறதால தான்னு சொல்றான். குடிக்கிற ஆள் இருக்குற வீட்ல வளந்தவங்களுக்கு இந்த பதில் எவ்ளோ நெஜம்னு தெரியும்.

ரெண்டு பேரும் கரோக்கே பார்ல பாத்துக்கறாங்க, அப்புறம் சேந்து ஒரு ஜாம்பி படத்துக்கு போறாங்க (அது கௌரிஸ்மாக்கியோட சிநேகிதர் ஜிம் ஜார்முஷ் எடுத்தது). பேரு என்னன்னு அவன் கேக்குறான், அடுத்த தடவை சொல்றேன்னு சொல்லி போன் நம்பர மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு போயிடறா. அவன் பாக்கெட்ல இருந்து சிகரெட் எடுக்கும்போது சீட்டு காத்துல பறந்து போயிடுது. பேரும் தெரியாது, நம்பரும் இல்ல. வேற வழி தெரியாம அந்த தியேட்டர் வாசல்லயே வந்து வந்து நிக்கிறான், அவ வர்ற நேரத்துல அவன் இல்ல, ஆனா வாசல்ல சிகரெட் துண்டுங்க கெடக்கு. அத அவ பாக்குறா பாருங்க, அந்தப் பார்வை! அன்ஸாவா நடிச்ச அல்மா பொய்ஸ்தி மூஞ்சில பெருசா எதுவும் மாறாது, ஆனா ஒரு லவ் லெட்டர் படிச்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் தான் அந்த டின்னர். புதுத் தட்டு, சின்ன ஒயின் பாட்டில். அவன் யார் கிட்டயோ எரவல் வாங்குன கோட் போட்டுட்டு வந்திருக்கான். ஒயின் தீந்ததும் வேற ஏதாவது இருக்கான்னு கேக்குறான், இல்லன்னதும் தான் கொண்டு வந்தத ஒளிஞ்சு நின்னு குடிக்கிறான், அவ பாத்துடறா. என் அப்பா குடிச்சே செத்தார், அண்ணனும் அப்படியே தான், அம்மா அந்த துக்கத்துலயே போனாங்க, உன்ன எனக்குப் புடிச்சிருக்கு ஆனா குடிகாரன் எனக்கு வேணாம். இவ்ளோ தான் சொல்றா, குரல் கூட ஒசரல. அவன் எனக்கு யாரும் உத்தரவு போட வேணாம்னு கெளம்பிடறான். அவ அந்தத் தட்ட எடுத்து குப்பைல போடுறா. ஒரு தட்டு வாங்கி, ஒரு தட்டு தூக்கிப் போட்டு, ஒரு மொத்த காதலையும் சொல்லி முடிச்சிட்டார் மனுஷன்.

அவ வீட்டு பழைய ரேடியோவ எப்போ போட்டாலும் உக்ரைன் போர் செய்தி தான் வருது. பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் 1300 கிலோமீட்டருக்கு மேல எல்லை, அந்த ஊர்ல ரேடியோவ தொறந்து அந்த செய்திய கேக்குறதோட பாரம் வேற. அவ கேட்டுட்டு ஆஃப் பண்ணிடுவா, நாமளும் அத தானே பண்றோம்.

குறைன்னு சொன்னா கடைசில கதைய திருப்ப ஒரு விபத்து வருது, அது எனக்கு ஒட்டல. அவ்ளோ பொறுமையா கட்டுன கதைக்கு அப்படி ஒரு உந்துதல் தேவையே இல்ல. ஆனா அதுக்கு அப்புறம் வர்ற கடைசி சில நிமிஷத்துக்காக மன்னிச்சிட்டேன், அப்புறம் அன்ஸா எடுத்து வளக்குற அந்த நாய்!

ரெண்டாவது கம்பார்ட்மென்ட் நம்பர் 6, 2021, டைரக்டர் யூஹோ குவோஸ்மனென், ரோசா லிக்ஸோம் எழுதின நாவல்ல இருந்து எடுத்தது. நாவல்ல வண்டி மங்கோலியா பக்கம் போகும், படத்துல ரஷ்யாவோட வடக்கு மூலைல இருக்குற மூர்மான்ஸ்க் போகுது. லாரா மாஸ்கோல படிக்கிற ஃபின்னிஷ் பொண்ணு. பாறைல செதுக்குன ரொம்ப பழைய ஓவியங்கள பாக்க அவளும் அவ காதலி இரீனாவும் போறதா பிளான், இரீனா கடைசி நேரத்துல வரல, இவ மட்டும் ரயில் ஏறுறா. கம்பார்ட்மென்ட்ல எதுக்கால ல்யோஹா, சுரங்க வேலைக்குப் போற ரஷ்யப் பையன், மொத ராத்திரியே குடிச்சிட்டு கேக்கக் கூடாததெல்லாம் கேக்குறான்.

இத நேரா சொல்லிடறேன், அந்த மொத அரை மணி நேரம் எனக்கு பாக்கவே முடியல. தனியா ராத்திரி ரயில்ல போன எந்தப் பொண்ணுக்கும் அந்த பயம் தெரியும், எடம் மாத்திக் குடுங்கன்னு அவ ரயில்ல கெஞ்சுறதும் தெரியும். அவன் செஞ்சத படம் கொஞ்சம் சுலபமா கடந்துடுதுன்னு தான் இப்பவும் நெனைக்கிறேன். ஆனா அதுக்கப்புறம் நடக்குற மாற்றத்த இவ்ளோ மெதுவா, அங்குலம் அங்குலமா காட்டுன படம் நான் பாத்ததில்ல. நடுவுல வண்டி ராத்திரி முழுக்க நிக்கிற ஊர்ல அவன் தனக்குத் தெரிஞ்ச ஒரு வயசான அம்மா வீட்டுக்கு லாராவ கூட்டிட்டுப் போறான், அந்தம்மா இவளுக்கு குடிக்க ஊத்திக் குடுத்து பேசிட்டே இருக்காங்க. மாஸ்கோல இரீனா வீட்டு பார்ட்டில படிச்சவங்க நடுவுல அந்நியமா நின்னவ, இங்க முன்னபின்ன தெரியாத சமையக்கட்டுல சொந்தக்காரி மாதிரி உக்காந்திருக்கா. அப்புறம் ஃபின்னிஷ் பேசுற பையன் ஒருத்தன் கிட்டார் வெச்சுக்கிட்டு ஏறுறான், நம்ம ஊர் ஆளாச்சேன்னு லாரா எடம் குடுக்கறா, அவன் அவ வீடியோ கேமராவ திருடிட்டு எறங்கிடறான். மாஸ்கோ வாழ்க்கை மொத்தமும் அதுல தான் இருந்துச்சு.

உங்க பாஷைல ஐ லவ் யூ எப்படி சொல்றதுன்னு ல்யோஹா கேப்பான், இவ கோவத்துல ஒரு மோசமான கெட்ட வார்த்தைய சொல்லிக் குடுப்பா. அந்த வார்த்தை கடைசில எப்படி திரும்பி வருதுன்னு நான் சொல்ல மாட்டேன், நான் சத்தமா அழுதேன். ஸெய்தி ஹார்லாவும் யூரி போரிஸோவும் நடிச்சிருக்காங்க, போரிஸோவ் அப்புறம் அனோராங்கற படத்துல நடிச்சு ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனவர். கம்பார்ட்மென்ட் நம்பர் 6க்கு கான்ல கிராண்ட் ப்ரீங்கற பரிசு கெடச்சுது, ஈரான் டைரக்டர் அஸ்கர் ஃபர்ஹாதி படத்தோட பகிர்ந்துக்கிட்டாங்க.

மூணாவது 2006ல வந்த கமோமே டைனர், இது ஜப்பான் படம், ஆனா நடக்குறது ஹெல்சிங்கில. நவோகோ ஓகிகாமி டைரக்‌ஷன். ஸச்சியேன்னு ஒரு ஜப்பான் அம்மா அங்க சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காங்க, மெயின் ஐட்டம் ஒனிகிரி, அதாவது உள்ள மீனோ ஊறுகாய் மாதிரி ஏதாவதோ வெச்சு கையால புடிக்கிற சோத்து உருண்டை. ஆள் வரவே மாட்டாங்க. மொதல்ல வர்ற பையனுக்கு ஆயுசுக்கும் காப்பி ஃப்ரீ. கண்ண மூடிட்டு மேப்ல வெரல் வெச்ச எடம்னு கெளம்பி வந்த மிதோரி, பெட்டி வந்து சேராம ஊர்ல மாட்டிக்கிட்ட மஸாகோன்னு ஒவ்வொருத்தரா அந்தக் கடைல ஒட்டிக்கறாங்க. தெருவுல இருந்து உள்ள வர மாட்டாம பாத்துட்டே போற மூணு கிழவிங்கள உள்ள இழுக்குறது ஒனிகிரி இல்ல, பட்டை போட்ட பன் சுட்ட வாசனை தான்.

சில பேருக்கு இந்தப் படம் ரொம்ப இனிப்பா இருக்கும், யாருக்கும் பெருசா எந்த சோதனையும் வராது, கடை எப்படி தாக்குப் புடிக்கிதுன்னும் கணக்கு சொல்ல மாட்டாங்க. எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனா ஒரு விஷயம். அந்தக் கடைக்கு வர்ற ஒருத்தர், கௌரிஸ்மாக்கியோட தி மேன் வித்தவுட் எ பாஸ்ட்ல ஹீரோவா நடிச்ச மார்க்கு பெல்டோலா தான் அது, நாமளே போட்டுக்கற காப்பிய விட அடுத்தவங்க நமக்காக போட்டுக் குடுக்கற காப்பி தான் ருசிம்பார். ஸச்சியே பின்னாடி ஒனிகிரிய பத்தி அதே தான் சொல்லுவாங்க, சின்ன வயசுல அப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் கையால புடிச்சுக் குடுத்தத நெனச்சு. அம்மா இல்லாத வீட்ல சமையல் மொத்தமும் பாத்துக்கிட்ட பொண்ணுக்கு அந்த ரெண்டு நாள் என்னவா இருந்திருக்கும்!

இன்னும் ஒண்ணு, கேர்ள் பிக்சர், 2022, அல்லி ஹாபஸாலோ எடுத்தது, மூணு வெள்ளிக்கிழமைல மூணு டீனேஜ் பொண்ணுங்க கதை, மால்ல ஜூஸ் கடைல வேலை பாக்குற ரெண்டு பேரோட நட்பு ரொம்ப அழகு. வீட்ல பெரியவங்களோட உக்காந்து பாக்குற படம் இல்ல.

ஒண்ணே ஒண்ணு தான் பாக்க நேரம் இருக்குன்னா ஃபாலன் லீவ்ஸ். போன ஞாயித்துக்கிழமை அதே ஃப்ரெண்ட வரச் சொல்லி ரெண்டாவது தடவை பாத்தேன், தட்டு வாங்குற சீன் வந்ததும் எதுவும் பேசாம என் கைய புடிச்சா.